கோல் வாயில் நண்டு தோண்டிய குழி

தியோஃபிலோ நோரலெஸை தெலாவில் எல்லோரும் நண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தோடு பக்கவாட்டிலேயே ஓடுவார். தடுக்க வந்தவன் எந்தப் பக்கம் பாய்வதென்று முழித்து முடிப்பதற்குள் கோல் விழுந்திருக்கும். ஹோண்டுராஸுக்காகப் பதினோரு ஆட்டம். இருபத்தேழு வயதில் முழங்கால் போனது. பயிற்சியாளராகி ஒன்பது வருடத்தில் ஐந்து கிளப்புகள் அவரைத் துரத்தின. ஆறாவது சொந்த ஊர் கிளப். கடைசி ஆட்டத்தில் தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு, அவர் வீட்டுக்கு. ஏழாவதாகக் கூப்பிட யாருமில்லை.

கடைசி ஆட்டத்தன்று காலை மூத்த ஆட்டக்காரர்கள் மூன்று பேர் மைதானத்தில் காத்திருந்தார்கள். பயிற்சியாளர் என்றால் அவர்களுக்கு 'ப்ரோஃபெ', வாத்தியார்.

"ப்ரோஃபெ, எதிரணிக்காரனுங்க சூனியம் வச்சு கோல் வாயில தவளையப் பொதைச்சிட்டுப் போயிருக்கானுங்க. வாயத் தைச்ச தவளை!"

"நீங்க பாத்தீங்களாடா?"

"பொதைச்சத எப்படி ப்ரோஃபெ பாக்கறது?"

சிரிப்பு வந்தது. ஆனால் பயந்த கால் பந்தை உதைக்காது என்று அவருக்குத் தெரியும். மண்வெட்டியை அவரே எடுத்தார். முட்டியளவு தோண்டியும் அகப்பட்டது ஒரு சோடா மூடிதான். "இந்தா, ஒங்க தவளை" என்று தூக்கிப் போட்டார். குழியை மூடி, மிதித்து, மேலே புல்லையும் வைத்தார். மதியம் மழை கொட்டியது.

எண்பத்து மூன்றாவது நிமிடம்வரை இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது ஒரு சோம்பேறிப் பந்து உருண்டு வந்தது. கோல்கீப்பர் எல்வின் குயிட்டி ஓரடி எடுத்து வைத்தான். கால் கணுக்கால்வரை சேற்றில் இறங்கியது. பந்து அவனைத் தாண்டி, அவசரமே இல்லாமல் உள்ளே போனது.

"ஆட்டத்த வித்துட்டான்!" என்று கூட்டம் கத்தியது. அந்த ஒரு கோலிலேயே தோற்றார்கள். எல்வின் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான். மூத்தவர்கள் மூவரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளப் தலைவர் தோன் ரிகோபெர்த்தோ நண்டை ஓரம் கட்டினார். "பையன் காசு வாங்கிட்டான்னு ரேடியோல சொல்லிடு. அடுத்த வருஷமும் நீதான் பயிற்சியாளர்."

ரேடியோக்காரன் மைக்கை நீட்டினான்.

"எல்வின் மேல தப்பில்ல. அங்க குழி தோண்டினது நான்."

"எதுக்கு ப்ரோஃபெ?"

நல்ல பொய்யாக ஒன்றும் வாயில் வரவில்லை.

"தவளை தேட."

ரேடியோவில் சட்டென்று விளம்பரம் ஓடியது.

அன்றே வேலை போனது. சந்தையில் அவரைக் கண்டால் மீன் விற்கும் பெண்கள்கூடத் தவளை மாதிரிக் கத்தினார்கள். எல்வினைத் தலைநகர் கிளப் ஒன்று எடுத்துக்கொண்டது. வழியனுப்ப நண்டு பஸ் நிலையத்துக்குப் போனார்.

"ரொம்ப நன்றி ப்ரோஃபெ" என்றான் எல்வின். பையை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினான். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒரு அடி தள்ளி நின்னிருப்பேனே."

நண்டு அவன் பையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். பஸ் போய்விட்டது.

அடுத்த மாதம் புதிய பருவம் தொடங்கியது. நண்டு வீட்டில் இருந்தார்.