கேட்காமல் வந்த அட்டை

தபால்காரர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே கூப்பிட்டார். பதிவுத் தபால். மீன் கழுவிக்கொண்டிருந்த கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். அவர் உறையை இரண்டு விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு காட் ஒண்டு கிடக்கு போல, அக்கா" என்றார். ஊர்த் தபாலையெல்லாம் இப்படி வெளியிலிருந்தே வாசித்துவிடுவார் மனுசன்.

அவர் சொன்னது சரி. கடன் அட்டை. நீல நிறத்தில் பளபளவென்று இருந்தது. அதில் என் முழுப்பெயர், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல். நான் வேலை செய்யும் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக என் பெயரைப் பிழையாகத்தான் எழுதுகிறார்கள். நான் எந்த வங்கியிடமும் கடன் அட்டை கேட்டதில்லை. அந்த வங்கியின் படியில்கூட ஏறியதில்லை.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவர் என்றால் என் கணவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் பதறாதவர். "கத்திரிக்கோலால வெட்டி எறி. அதோட கதை முடிஞ்சுது" என்றார்.

எனக்கு முடியவில்லை. அட்டையை வெட்டலாம். என் பெயரில் அதைக் கேட்டவரை என்ன செய்வது?

இந்தப் பயத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். சண்டைக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் பழைய சைக்கிளை விற்றுவிட்டு, பதிவில் பெயரை மாற்றாமல் விட்டுவிட்டார். அந்தச் சைக்கிள் எங்கேயோ, யாரிடமோ பிடிபட்டது. மனுசனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதினோரு நாள் வைத்து விசாரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் உள்ள எதுவும் பிறர் கையில் இருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கடைச் சிட்டையைக்கூடக் கிழித்துத்தான் எறிவேன். மகளையும் அப்படியே வளர்த்தேன். எங்கேயும் கையெழுத்துப் போடாதே, யாருக்கும் பெயர் கொடுக்காதே என்பதுதான் அவள் என்னிடம் அதிகம் கேட்ட புத்திமதி.

ஆனால் யோசிக்க யோசிக்க, அடையாள அட்டைக் கொப்பியை நான் கொடுக்காத ஆள் யார் என்றாகிவிட்டது. சிம் வாங்கிய கடை, சமையல் காஸுக்குப் பதிந்த இடம், பிரதேச செயலகம். கொழும்பில் மகள் அறை எடுத்தபோது, வீட்டுக்காரர் கேட்கிறார் என்று சம்பளச் சிட்டையோடு சேர்த்து ஒன்று. பிறகு அந்தப் போட்டோக் கொப்பிக் கடை. பிழையாக அடித்த தாள்களை அங்கே கதிரைக்குக் கீழே ஒரு பெட்டியில் போட்டு வைப்பார்கள். மூன்று நாளாக இதே யோசனைதான். அட்டையை முதலில் அலுமாரியில் சேலைகளுக்கு இடையில் வைத்தேன், பிறகு அரிசி வாளிக்குள், பிறகு கைப்பைக்குள். சோறு இறங்கவில்லை. கடைக்காரர் சும்மா சிரித்தால்கூட இவனாக இருக்குமோ என்று தோன்றியது.

ரத்துச் செய்யச் சொல்ல வங்கிக்குத் தொலைபேசி எடுத்தேன். மிக மரியாதையான பெடியன். நான்தான் நான் என்பதை உறுதிப்படுத்த ஒரு கேள்வி இருக்கிறது என்றான்.

"உங்கள் தாயாரின் திருமணத்துக்கு முந்திய பெயர் என்ன?"

"முந்தியும் பிந்தியும் அவவுக்கு ஒரே பெயர்தான், தம்பி."

பெயரைச் சொன்னேன். பொருந்தவில்லை என்றான். அம்மாவின் தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அதுவும் பொருந்தவில்லை. இனிக் கிளைக்குத்தான் போக வேண்டும் என்றான். என்னைப் பெற்றவளின் பெயர் எனக்குத் தெரியாது என்று கொழும்பிலிருந்து ஒருவன் சொல்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். எங்கள் ஊரில் மாடுகளைப் போலத் தெருவில் திரியும் மான்களில் இரண்டு, பஸ் நிலையத்தடியில் கடதாசி மென்றுகொண்டு வழியை மறித்து நின்றன. அவையும் என்னிடம் ஏச்சு வாங்கின.

கிளையில் இருந்த பிள்ளை பொறுமையானவள். நான் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்து, கம்பியூட்டர்த் திரையை என் பக்கம் திருப்பினாள். ஆங்கிலப் பெரிய எழுத்தில், கறுப்புப் பேனாவால் நிரப்பிய விண்ணப்பம். தாயின் பெயர் என்ற கட்டத்தைத் தேடினேன். அங்கே அம்மாவின் வீட்டுப் பெயர் இருந்தது.

அம்மாவுக்குப் பதிவில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். வீட்டுப் பெயர் இரண்டே எழுத்து, பூனைக்குட்டியைக் கூப்பிடுவது போல. மரண அறிவித்தலில்கூட அதைப் போடவில்லை. அந்தப் பெயர் தெரிந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது மூன்று பேர்: நான், இவர், மகள். இவர் தன்னுடைய பென்சன் படிவத்தையே என்னிடம் தந்து நிரப்பவைத்தவர்.

கீழே என் கையெழுத்து, கடைசிச் சுழிவரை கச்சிதமாக. பள்ளிக்கூடத்தில் புள்ளி குறைந்த தவணையில் மகள் எனக்குத் தெரியாமல் றிப்போட்டில் போட்டுப் பழகிய கை.

"இது உங்கட சைன்தானே, மிஸ்?"

இல்லை என்று சொல்லத்தான் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் திரிந்தேன். இல்லை என்றால் விசாரணை வரும். விசாரணை என்றால் கடைசியில் என் பிள்ளையிடம் போய் நிற்கும். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம், என்ர கையெழுத்துத்தான்" என்றேன். "மறந்துபோனன்."

வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்று மகளுக்குப் போன் எடுத்தேன். "அட்டை வந்திட்டுது" என்று மட்டும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். கம்பியூட்டரில் வேலை என்று எங்களுக்குச் சொன்னது, உண்மையில் வங்கிகளுக்காகக் கடன் அட்டைக்கு ஆள் பிடிக்கும் கம்பனியில். மாதம் இத்தனை பேர் என்று கொண்டுவராவிட்டால் வேலை நிரந்தரமாகாது. கடைசி மாதம் ஓர் ஆள் குறைந்தது.

"அதுக்கு என்ர பேரோ?"

"வேற யாற்ற பேரை எடுக்க ஏலும், அம்மா?"

கோபம் வந்தது. அம்மாவின் வீட்டுப் பெயரை அவள் மறக்கவில்லை என்று சந்தோஷமும் வந்தது. இந்த நேரத்தில் என்ன சந்தோஷம் என்று இன்னும் கோபம் வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். மூதூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே" என்று முடித்தேன்.

"கேட்டிருந்தா தந்திருப்பீங்களா?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாயிற்று.

"இல்லை" என்றேன்.

"அதுதான் கேக்கேல்ல" என்றாள். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை.

அவளுக்கு வேலை நிரந்தரமானது. அட்டையை அதற்குப் பிறகு ரத்துச் செய்தேன். எனக்குத்தான் இன்னும் நிம்மதி இல்லை. பெயர் போனதைப் பற்றிய யோசனை அல்ல இது. இத்தனை வருடத்தில் இந்தப் பிள்ளை என்னிடம் கேட்காமலே விட்டவை என்னென்ன என்று வேலைக்கு நடுவிலும் மனம் தேடுகிறது. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பேசுகிறாள். சாப்பிட்டேன், வேலை பரவாயில்லை என்கிறாள். "ஏதும் வேணுமோ, பிள்ளை?" என்று இப்போது நானாகவே கேட்கிறேன்.

"ஒண்டும் வேண்டாம், அம்மா" என்கிறாள்.