ஆடிப் பதினெட்டும் பச்சை ஹம்பரும்

பூவாத்தாளைப் பற்றி ராசிபுரத்தில் யாரைக் கேட்டாலும் "வாய்க்காரி" என்பார்கள். சுத்தப் பொய். அடுத்த வீட்டில் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறவள் நான். காலையில் ராட்டை முன்னால் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை நூல் சுற்றுவாள். வாயே திறக்க மாட்டாள். "குடிகாரன் பொண்டாட்டி" என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்துவிடுவாள். சொன்னவர்கள் அப்புறம் கொஞ்ச நாளைக்கு எங்கள் தெருப்பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

அவள் புருஷன் சின்னுசாமி மாட்டு வண்டியில் நெய் டின் ஏற்றிக்கொண்டு சேலம் போய் வருகிறவர். ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று, விடிகிற நேரத்தில், ஊருக்கு வடக்கே ரோட்டில் செத்துக் கிடந்தார். வண்டி கவிழ்ந்து, ரோடெல்லாம் நெய். மாலை போட்ட பச்சைக் கார் ஒன்று நிற்காமல் நாமக்கல் பக்கம் போனதை டீக்கடைக்காரர் பார்த்திருந்தார். அந்த மாதிரிப் பச்சைக் கார் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் குட்டி ஜமீன் மாதிரி மிட்டா வைத்திருந்த மிட்டாதார் சரவணமுத்துவின் ஹம்பர்.

கேஸ் நடந்தது. ஆனி மாசத்திலேயே இஞ்சினைக் கழற்றி ஷெட்டில் போட்டாயிற்று, கார் நகரவே இல்லை என்று மிட்டாதார் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். டீக்கடைக்காரருக்குத் திடீரென்று கண் மங்கிவிட்டது. வண்டிக்காரன் குடித்துவிட்டுத் தூங்கி விழுந்தான், தன் வண்டிச் சக்கரத்திலேயே மாட்டிக்கொண்டான் என்று முடித்துவிட்டார்கள். மதுவிலக்கு இருந்த ஜில்லாவில், வெற்றிலைகூடப் போடாத மனுஷனுக்கு இந்தப் பட்டம்!

செத்ததைக்கூடப் பூவாத்தாள் ஜீரணித்துவிட்டாள். இந்தப் பட்டத்தை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, தெருமுனையில் விசாரித்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் டம்ளர்களை விளக்கும் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும்.

நான் சேலத்தில் எங்கள் மாதா கோயில் பங்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தேன். அறுபத்தொன்றில் அங்கே பிரசவ வார்டு கட்ட நிதி திரட்டினார்கள். மிட்டாதாருக்குப் பழைய கார்கள் என்றால் பைத்தியம். மிட்டா போய்விட்டது, கார்கள் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைத் திறந்து விடுகிறேன், டிக்கெட் வைத்து ஜனங்களுக்குக் காட்டுங்கள் என்று பங்குச் சாமியாரிடம் அவரே சொன்னாராம். புண்ணியவான்! நான் இதைப் பூவாத்தாளிடம் எரிச்சலில்தான் சொன்னேன்.

"தெரசக்கா, எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கியாங்க" என்றாள்.

பஸ்ஸில்தான் விஷயத்தைச் சொன்னாள். மிட்டாதாருக்கு வெகுநாள் குழந்தை தங்கவில்லையாம். தங்கினால் வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அந்த ஹம்பரிலேயே பிள்ளையைக் கூட்டிப்போய் மோகனூர்க் காவேரியில் முழுக வைக்கிறேன் என்று அவர் மனைவி ஜானகியம்மாள் வேண்டிக்கொண்டாளாம். "ஒரு வருசமும் உட்டதில்லைன்னு படித்துறையில தேங்கா விக்கற அம்மா சொன்னாங்க. அந்தம்மா சொன்னா எவன் நம்புவான்? அந்தாளு வாயாலயே வரோணும். நாலு பேரு முன்னால வரோணும்."

"மாதாவே, வம்பு வேண்டாம்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

மிட்டாதார் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். நல்ல கூட்டம். சாமியார், கன்னியாஸ்திரீகள், பெரிய மனுஷர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மிட்டாதாரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டாருக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். மிட்டாதார் பட்டு அங்கவஸ்திரத்தோடு, ஒரு பிரம்பை நீட்டி நீட்டி ஒவ்வொரு காராக வரலாறு சொன்னார். ஃபோர்டு, ஆஸ்டின், யாரோ துரையிடம் வாங்கிய மோரிஸ். கடைசியில் ஹம்பர். மறுபடி பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. மாலை வேறு.

"இது எங்க குலவிளக்கு. எம் பையன் பொறந்ததுல இருந்து ஒரு ஆடிப் பதினெட்டு தவறாம காவேரிக்குப் போற வண்டி."

பூவாத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் போனாள். "ஏனுங்க சாமி, ஒரு வருசங்கூடத் தவறலீங்களா?"

"ஒண்ணுகூட இல்லை அம்மிணி."

"ஆத்துல தண்ணியே இல்லாத வருசத்துலீங்க?"

"மணல்ல ஊத்துத் தோண்டி முழுகுனோம்!" கூட்டம் சிரித்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அம்பத்து மூணுலீங்க?"

"அம்பத்து மூணுலயும்தான். அதுக்கென்ன?"

"அந்த ஆடிப் பதினெட்டுக்கு இஞ்சினைக் கழட்டி ஷெட்டுல போட்டிருந்துதுன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணுனீங்களே, சாமி. நான் சின்னுசாமி பொண்டாட்டிங்க."

பிரம்பு அப்படியே நின்றது. மிட்டாதாருக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரர், சமாளித்தார். "ஆமாமா, மறந்துட்டேன். அந்த வருசம் ஒண்ணு மட்டும் போகலை. வேண்டுதல் தவறிப்போச்சு."

அவர் பூவாத்தாளுக்குத்தான் பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற பெண்டாட்டியை மறந்துவிட்டார். ஜானகியம்மாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"தவறலை! காவேரித் தாயே, தவறலை!" என்றாள். "பையன் தலைக்கு ஆகாததைச் சொல்லாதீங்க. நாள் குறிச்சிருக்கற நேரத்துல வேண்டுதல் தவறிப்போச்சுன்னு சொல்றீங்களே! போனோம். பையனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நான்தானே உக்காந்திருந்தேன்!"

"ஜானகி, உள்ள போ."

"போக மாட்டேன். காவேரித் தாயி கேட்டுட்டிருக்கா." அவள் பூவாத்தாளைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். "உம் புருசன் குடிக்கலை அம்மிணி. ஓரமாத்தான் வண்டி ஓட்டிட்டுப் போனாரு. இடிச்சதும் நிறுத்துங்கன்னு கத்துனேன். இவருதான், முழுகற நல்ல நேரம் தப்பிடும்னாரு."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். பெண் வீட்டார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்கள். ஜானகியம்மாளைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. இவ்வளவு வருஷம் அவளும்தானே வாயை மூடிக்கொண்டிருந்தாள்?

மிட்டாதார் பிரம்பைக் கீழே போட்டார். கையைக் கூப்பிக்கொண்டு பூவாத்தாள் பக்கத்தில் வந்தார்.

"என்ன வேணுமோ கேளு அம்மிணி, செஞ்சு தர்றேன். இங்க வேண்டாம். உள்ள வந்து பேசு."

பூவாத்தாள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க" என்றாள். "அம்மாவை இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்குலீங்க."

ஜானகியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை வெளிவாசல் வரைக்கும் கேட்டது.