முகத்தை மூடிய பூக்கள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கலியாண வீடியோ எடுத்துப் பிழைக்கலாம் என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருந்தேன். எடிட்டிங் மென்பொருள் தேடிக் கண்டி டவுனில் ஒரு சீடி கடைக்குப் போனேன். கடைக்கார நானா இரண்டு சீடிகளை எடுத்து வைத்தார்.

"இது மலிவு. வெட்டலாம், ஒட்டலாம், அவ்வளவுதான். மத்தது வெல கூட. படத்து மேல பூவெல்லாம் பறக்கும்."

பூப் பறக்காவிட்டால் யார் நம்மைக் கூப்பிடுவார்கள்? விலை கூடியதைத்தான் கையில் எடுத்தேன்.

அப்போது பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒரு சீடியை நானாவிடம் நீட்டினார். "தம்பி, மகளின்ர கலியாண வீடியோ. இதில விழுற பூவை எடுத்துவிட ஏலுமே? பின்னால நிக்கிறவன் என்ர மகன். போன வருசம் கொழும்புக்குப் போனவன், இன்னும் வரேல்ல. அவன் நடமாடுற வேற படம் எங்களிட்ட இல்லை."

நானா போட்டுப் பார்த்தார். இளைஞன் ஒருவன் சிரித்தபடி திரும்பினான். ரோசாப் பூக்கள் விழுந்து அவன் முகத்தை மூடின.

"ஏலாதும்மா. மொதல்ல எடுத்த டேப் இருந்தாத்தான்."

அந்த டேப்பிலேயே வீடியோக்காரர் அடுத்த கலியாணத்தை எடுத்துவிட்டாராம். தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

அம்மா சீடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். நான் மலிவானதை வாங்கினேன்.

என் வீடியோக்களில் ஒன்றும் பறப்பதில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. எடுத்த டேப் ஒன்றையும் அழிக்காமல் அலுமாரியில் வைத்திருக்கிறேன். யாரும் வந்து கேட்காமல் இருக்கட்டும்.