சீலைக்காரியோடு நான் போட்ட சண்டை

2004-ஆம் வருடம், தை மாதம். கம்பம் பஸ் நிலையத்தில் என் மகள் சித்ரா, கூடப் படிக்கிற பையன் ஒருவனிடமிருந்து இயற்பியல் நோட்டு வாங்கினாள். நடந்தது அவ்வளவுதான். அதை யாரோ பார்த்திருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் அந்த நோட்டு கடிதமாகி, கடிதம் காதலாகி, எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

என் பெயர் பாண்டியம்மாள். கணவர் 1998-இல் குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனார். அதிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறேன். விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாகக் கேரளத்துக்குப் போய்க் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவேன். என் கணவரின் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில்தான் நானும் மகளும் இருந்தோம். அவரைப் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அன்று நான் ஜீப்பிலிருந்து இறங்கி வரும்போது சித்ராவின் புத்தகப் பை தொட்டித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"இனிமே பள்ளிக்கூடம் கெடையாது" என்றார் பெரிய மச்சான். "பங்குனியில கல்யாணம். முருகாயி தம்பிக்கே குடுத்துருவோம். முறையும் சரியா இருக்கு."

முருகாயி அக்கா அவருடைய மனைவி. அவளுடைய தம்பிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. முதல் மனைவி அவனோடு வாழ முடியாமல் தேவாரம் ஊரில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். என் மகளுக்குப் பதினேழு. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

"மச்சான், பரீச்சை மட்டும் எழுதட்டும்" என்று கெஞ்சினேன்.

"அப்பன் இல்லாத பிள்ளைய ஒழுங்கா வளக்கத் தெரியல. நீ பேசாத" என்றார்.

பேசாமல்தான் இருந்தேன். இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சித்ராவின் டீச்சர் நல்லவர். "பதினெட்டு வயசு ஆகலைன்னா கல்யாணம் பண்றது குத்தம். புகார் எழுதிக் குடுங்க, நானே கூட வர்றேன்" என்று பேனாவைக் கொடுத்தார். என் கை எழவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது? பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். சித்ரா என்னைத் திட்டவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நான்காம் நாள் எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நான் சாமியிடம் போனேன். கும்பிடுவதற்காகப் போகவில்லை.

எங்கள் வீட்டுச் சாமி சீலைக்காரி. பெரிய கோயில்களில் அவளைப் பார்க்க முடியாது. சிலை கிடையாது, கோபுரம் கிடையாது. ஒரு பனையோலைப் பெட்டிக்குள் மடித்து வைத்த சீலை, அதுதான் அவள். அந்தப் பெட்டி பெரிய மச்சான் வீட்டுச் சாமி அறையில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, மாசி சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் திறந்து, பழைய சீலையை எடுத்துவிட்டுப் புதுச்சீலை சாத்துவார்கள்.

அவள் யார் தெரியுமா? இந்த வீட்டில் பிறந்த பெண்தான். பல தலைமுறைக்கு முன்னால், தனக்குப் பிடித்தவனோடு போக நினைத்ததற்காக அண்ணன்மாரே கிணற்றில் தள்ளினார்கள். அதற்குப் பிறகு வீட்டில் பிள்ளைகள் தங்கவில்லை, மாடுகள் செத்தன. பயந்துபோய் அவள் சீலையை எடுத்துப் பெட்டியில் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். தள்ளியவர்களின் வம்சம்தான் இன்றும் கும்பிடுகிறது. திருமணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு அழுதேன். பிறகு எல்லோரையும் போலப் பழகிவிட்டேன்.

தாலியறுத்தவள் என்பதால் சாமி அறைக்குள் எனக்கு இடமில்லை. மாட்டுக் கொட்டத்துக்குள் போனால் சாமி அறையின் பின்சுவர். வேலை முடிந்து வந்ததும் அங்கே நின்று, சுவரில் கையை வைத்துக்கொண்டு சீலைக்காரி ஆத்தாவைத் திட்டினேன்.

"நீயெல்லாம் ஒரு சாமியா? உனக்கு நடந்தது எம்மகளுக்கும் நடக்கட்டும்னு உள்ள உக்காந்து வேடிக்கை பாக்குறியா? உன்னையக் கொன்னவன் வீட்டுப் பொங்கலு உனக்கு அம்புட்டு ருசியா இருக்கோ? இருக்கேன்னா வெளிய வா. அவன் கையக் கால முடக்கு. இல்லைன்னா இனி எம்மக உன்னைய ஆத்தான்னு கூப்பிட மாட்டா."

பதினெட்டு நாள் இப்படித்தான் என் பிரார்த்தனை. சூடம் ஏற்றவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பயம் இருந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை பங்காளிகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளையும் வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்திருந்தான். பெட்டியைத் திறந்ததும் ஆத்தா முன்னாலேயே சித்ராவுக்குப் பூ வைத்து உறுதி செய்வதாகப் பெரிய மச்சான் சொல்லியிருந்தார். ஆத்தா வருடா வருடம் அவர் மேல்தான் இறங்குவாள். ஆகவே உத்தரவும் அவர் வாயிலிருந்துதான் வரும். எங்களுக்கு ஒரு வழியும் மிச்சம் இல்லை.

நான் மாட்டுக் கொட்டத்து வாசலில் நின்றேன். அங்கிருந்து முற்றம் தெரியும். உறுமி அடித்தார்கள். பெரிய மச்சான் கண்ணை மூடி நின்றார். வெகுநேரம் அடித்தும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பூவை எடு" என்றார்.

பூத்தட்டு முருகாயி அக்காவின் கையில் இருந்தது. இருபத்தைந்து வருடமாக அந்த வீட்டில் சோறு வேணுமா, குழம்பு ஊத்தவா என்பதைத் தவிர அவள் குரலை யாரும் கேட்டதில்லை. அவள் தட்டைக் கீழே வைத்தாள். உடம்பு ஆடியது. நேராகப் பெட்டிக்குப் போய், சீலையை உருவி எடுத்து, வெளியே வந்து, தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சித்ராவைச் சுற்றிப் போர்த்தினாள்.

"எவன்டா பூ வைக்கிறது?"

அந்தக் குரல் அக்காவின் குரலாக இல்லை. உறுமி நின்றுவிட்டது.

"என்னையத் தள்ளுன கை இன்னும் ஓயலையா? இந்தப் பிள்ளையவும் பொட்டிக்குள்ள வச்சுக் கும்பிடப் போறியா?"

பெரிய மச்சான் திகைத்துப்போய், "வந்திருக்கது யாரு? பேரைச் சொல்லு" என்று கேட்டார்.

"எம்பேரு உங்கள்ல ஒருத்தனுக்காச்சும் தெரியுமாடா?"

ஒருவருக்கும் தெரியாது.

"இவ பரீச்சை எழுதணும். படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த வாசல்ல பந்தக்கால் ஊனக் கூடாது. ஊனுனா நான் பொட்டிக்குத் திரும்ப மாட்டேன்." பிறகு என் பக்கம் கை நீண்டது. "அங்கன மாட்டுக் கொட்டத்துல நிக்கிறாளே, அவள உள்ள கூப்பிடு. அத்தன நாளு சுவத்துக்குப் பின்னால நின்னு என்னைய வஞ்சா. நேருக்கு நேரா நின்னு வையட்டும்."

எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டினேன். அவள் என் நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். வைவதற்கு எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

வயதில் மூத்த பங்காளி ஒருவர் முதலில் விழுந்து, "உத்தரவு ஆத்தா" என்றார். பிறகு எல்லோரும் விழுந்தார்கள். கடைசியாகப் பெரிய மச்சானும் விழுந்தார். மாப்பிள்ளை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அக்கா தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உலை வைக்கப் போனாள்.

சிலர் சொல்கிறார்கள், "அவுக வீட்டுக்காரரை எதுக்க முடியாம முருகாயி போட்ட நாடகமா இருக்கும். நீ வஞ்சதைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருப்பாக" என்று. கேட்டிருக்கலாம். சாமி அறையில் விளக்குத் துடைப்பது அவள்தான். ஆனால் இருபத்தைந்து வருடம் வாய் திறக்காதவளுக்கு, தன் கூடப்பிறந்த தம்பிக்கு எதிராக, ஊர் முன்னால் நிற்கிற தைரியத்தை அந்தக் காலையில் யார் கொடுத்தது? நான் அவளிடம் கேட்டதே இல்லை. அவளும் சொன்னதில்லை. கூப்பிட்டேன், வந்தாள். எனக்கு அது போதும்.

சித்ரா பரீட்சை எழுதினாள். இயற்பியலில்தான் மதிப்பெண் குறைவு. மதுரையில் நர்ஸிங் படித்து, இப்போது 2010-இல், தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கல்யாணப் பேச்சை அவளாக எடுக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பெரிய மச்சானின் கையும் காலும் முடங்க வேண்டுமென்று கேட்டேன். ஆத்தா அதைத் தரவில்லை. அவர் நன்றாகத்தான் இருக்கிறார், இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறார். அதில் ஆத்தா மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனாலும் அவர் இப்போது வீட்டுப் பெண்களிடம் குரலை உயர்த்துமுன் ஒருமுறை சாமி அறைப் பக்கம் பார்த்துக்கொள்கிறார்.

நான் மாறிவிட்டேன். போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு இதே கதை நடக்கப் பார்த்தது. டீச்சர் வீட்டுக்குப் போய், பேனாவை நானே கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தேன்.

ஆத்தாவுக்கு நன்றி சொல்ல எனக்குப் பாட்டோ மந்திரமோ தெரியாது. மாசிக்கு மாசி புதுச்சீலையை என் கையால் சாத்துகிறேன், அவ்வளவுதான். அக்கா தங்கச்சிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும், இல்லாவிட்டால் ஒரு கல்லோ ஒரு வேப்பமரமோ இருக்கும். அதற்குள் இருப்பவளுக்கு என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் குறையைச் சொல்லுங்கள். மரியாதையாகப் பேச முடியாவிட்டால் பரவாயில்லை, அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பெட்டி எதுவும் இல்லாதவர்கள் சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். தாலி இருக்கிறதா இல்லையா என்று வாசலில் யாராவது கேட்டால், பாண்டியம்மாள் வரச் சொன்னாள் என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே வந்துவிடுங்கள்.