சத்தி உண்டாகும்

என்னிடமுள்ள மிகப் பழைய திகதி ஒரு முட்டையைப் பற்றியது. நாட்கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், "முட்டைக்கோப்பி: அக்காவுக்கு ஒன்று. எனக்கு இல்லை" என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. முன்பக்கத்தில் ஆனி மாதத்துப் புதன்கிழமை ஒன்று. ஆண்டும் அச்சில் தெளிவாகவே இருக்கிறது. அதைச் சொன்னால் ஊர் தன் வயதைக் கண்டுபிடித்துவிடும் என்று அக்கா தடை போட்டிருப்பதால், ஐம்பதுகளின் கடைசி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிற்காலத்தில் குளம் நிரம்பி வழிந்த நாள், எங்கள் ஒழுங்கைக்குள் முதல் உழவு யந்திரம் வந்த நாள், மின்சாரம் வந்த நாள் என்று எத்தனையோ நாட்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் வாசிப்பினால் வந்தது என்பேன். அது பொய். பொறாமையினால் வந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தர்மபுரத்தில் வந்து குடியேறி அது மூன்றாவது வருடம். அரசாங்கம் தந்த வயலும் மேட்டுக்காணியும் இருந்தன. வீட்டுப் படலைக்கு முன்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. அதைக் கடக்க ஐயா இரண்டு பனங்குற்றிகளைச் சேர்த்துப் பாலம் போட்டிருந்தார். கையில் குடம் இருந்தாலொழிய நான் அந்தப் பாலத்தால் போனதில்லை. மற்ற நேரமெல்லாம் பாய்ந்துதான் போவேன், பாய்ந்துதான் வருவேன். எனக்கு ஒன்பது வயது.

அக்காவுக்குப் பதினாறு. மூன்று மைல் நடந்து பஸ் ஏறிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். மார்கழியில் எஸ்.எஸ்.சி. சோதனை. எங்கள் பக்கத்தில் அந்தச் சோதனை எழுதப்போகிற முதல் பெண்பிள்ளை என்று ஐயா போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மாசியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. களைப்புப் போகவில்லை. தலை வாரத் தொடங்கினால் ஒரு பக்கம் முடிந்ததும் சீப்பை மடியில் வைத்துவிட்டு இருப்பாள். வாசற்படி மூன்றில் இரண்டாவதில் நின்று மூச்சு வாங்குவாள். ஆனியில் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். ஆவணி நடுவில் மூன்றாம் தவணை தொடங்கும்போது போகாவிட்டால் அந்த வருடம் சோதனை இல்லை என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

இவையெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. ஐயாவின் சாய்மனைக் கதிரை அக்காவுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் நான் இருந்தால் "எழும்பு" என்பார்கள். காலையில் அவளுக்கு முட்டைக்கோப்பி. முட்டையைச் சீனியோடு நுரைக்க அடித்து, அதன்மேல் கொதிக்கும் கோப்பியை ஊற்றும்போது எழும் மணம் கிணற்றடி வரைக்கும் வரும். அந்தக் கிணற்றடியில் அக்காவின் பங்குத் தண்ணீரையும் சேர்த்து அள்ளிக்கொண்டிருப்பவள் நான். மாலையில் எள்ளுருண்டை. முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவரும் கிழவர் கொடுத்த சுறா எண்ணெயும் ஒரு கரண்டி. அந்த எண்ணெயின் நாற்றத்தில் கோழிகூடக் கிட்ட வராது. நான் அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஒருநாள் நானும் களைத்துப் பார்த்தேன். வாசற்படியில் இரண்டாவதில் நின்று, அக்காவைப்போலவே தூணைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எனக்கும் களைக்குது" என்றேன்.

"ஓடின ஓட்டத்துக்குக் களைக்காமல் என்ன செய்யும்? போய்த் தண்ணியைக் குடிச்சிட்டு மாட்டை மாத்திக் கட்டு" என்றா அம்மா, திரும்பிப் பாராமலே.

அன்றிரவே தாள் எழுதினேன். "களைப்பு: அக்காவுக்கு உண்டு. எனக்கு இல்லை."

ஆடி பிறந்த முதற்கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து மாமா வந்தார். கடதாசியில் சுற்றிய ஒரு போத்திலை ஐயாவின் கையில் கொடுத்தார். "இந்தியாச் சாமான். நல்ல டொனிக் எண்டு கடைக்காரன் சொன்னவன். ஒரு கரண்டி போதும்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்ததும் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். போத்திலில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐயா அதை முற்றத்து வெளிச்சத்தில் பிடித்து, புராணம் படிக்கிற குரலில் வாசித்தார்.

"களைப்பு நீங்கும். உடலுக்குச் சத்தி உண்டாகும்."

எங்கள் பக்கத்தில் சத்தி என்றால் வாந்தி. வேறு பொருள் அதற்கு இருப்பதாக அன்று எங்கள் வளவில் ஒருவருக்கும் தெரியாது.

"இஞ்சாருங்கோ, சத்தியோ? ஏற்கெனவே எழும்ப ஏலாமல் கிடக்கிற பிள்ளை" என்றா அம்மா.

ஐயா ஒரு கணம்தான் யோசித்தார். அச்சில் வந்த எதையும் அவர் சந்தேகித்ததில்லை. "உமக்கு விளங்கேல்லை. உள்ளுக்கை கிடக்கிற பித்தம் வெளியிலை வந்தால்தானே களைப்புப் போகும்? வயலுக்குத் தண்ணி கட்டமுந்தி வாய்க்காலைத் துப்புரவாக்கிறேல்லையோ?"

அடுத்தநாள் காலையில் நடந்ததை நான் இரண்டு தாள்களில் எழுதியிருக்கிறேன். சாய்மனைக் கதிரையில் அக்கா. அவளுக்கு வலப்பக்கம் எனாமல் பேசினோடு அம்மா. இடப்பக்கம் துவாயோடு ஐயா. வாய் கொப்பளிக்கச் செம்பில் தண்ணீரோடு நான். அக்கா ஒரு கரண்டி குடித்தாள். நாங்கள் மூவரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சேவல் வந்து பேசினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"வருகுதோ, பிள்ளை?"

"இல்லை, ஐயா."

"அவசரமில்லை. ஆறுதலாய் வரட்டும்."

வரவில்லை. நான்காம் நாள் இரண்டு கரண்டி. பத்தாம் நாள் மூன்று. அக்காவின் நாக்குக் கறுத்தது. பேசின் காய்ந்தபடியே கிடந்தது. ஐயா மாமாவுக்குத் தபாலட்டை எழுதினார்: "மருந்து கொடுக்கிறோம். இன்னும் சத்தி வரவில்லை." மாமா கடைக்காரரிடம் கேட்டுப் பதில் போட்டார்: "சத்தி வர ஒரு மாதம் செல்லும். விடாமல் கொடுக்கவும்." அந்தத் தபாலட்டைக்குப் பிறகு ஐயாவை யாராலும் அசைக்க முடியவில்லை.

என் வயிற்றெரிச்சல் இப்போது முட்டையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் ஐயாவும் அம்மாவும் வேலையை விட்டுவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி யாரும் என் முகத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. இத்தனைக்கும் அக்கா அவர்கள் கேட்ட ஒன்றைக்கூடச் செய்யவில்லை. ஒரு சத்தி. அதுகூட அவளால் எடுக்க முடியவில்லை. நானென்றால் முதல்நாளே எடுத்திருப்பேன்.

ஒருநாள் செம்பைக் கழுவ வாய்க்காலைப் பாய்ந்து போய்த் திரும்பிப் பாய்ந்து வந்தபோது, கதிரையில் கிடந்த அக்கா, "எடி, உன்னைப் பாக்க எனக்கு எரியுது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. முட்டைக்கோப்பி குடித்த வாயால் இப்படி ஒரு நையாண்டியா என்று நினைத்தேன். அன்றைய தாளில் எழுதினேன்: "அக்கா பகிடி பண்ணினாள்."

ஆடி நான்காம் வெள்ளி. ஐயாவும் அம்மாவும் அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போயிருந்தார்கள். அக்கா கதிரையில் நித்திரை. நான் அலுமாரியைத் திறந்தேன். போத்திலில் பாதிக்குமேல் இருந்தது. முதல் மடக்கு ருசி பார்க்கக் குடித்தேன். தித்திப்பு. தித்திப்புக்குப் பின்னால் கிணற்றுச் சங்கிலியை நக்கினாற்போல ஓர் இரும்புச் சுவை. இரண்டாவது மடக்கு என் பங்கு என்று குடித்தேன். மூன்றாவதைச் சும்மா வன்மத்தில் குடித்தேன்.

போத்தில் குறைந்தது தெரிந்தது. கேத்தலில் காலையில் மிஞ்சிய சாயத் தேத்தண்ணி இருந்தது. நிறம் பொருந்தும் என்று நினைத்து அதை ஊற்றி நிரப்பினேன். என் கண்ணுக்கு முன்னாலேயே மருந்து பள்ளிக்கூடத்து மைபோலக் கறுத்தது. இரும்பும் தேயிலைச் சாயமும் சேர்ந்தால் மையாகும் என்பதைப் பல வருடங்களுக்குப் பின்னர் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். அன்று அது அம்மனின் வேலை என்றே நினைத்தேன்.

பொங்கற் பானையோடு அவர்கள் படலை திறந்த நேரமும் எனக்கு வயிறு புரண்ட நேரமும் ஒன்றாயின. நான் வாசற்படியில் குந்தியிருந்து எடுத்தேன். அம்மா பானையை வைத்துவிட்டு ஓடிவந்து என் நெற்றியைப் பிடித்தா. ஐயா துவாயோடு வந்தார். பேசின் வந்தது. அத்தனை நாள் காத்திருந்த பேசின், எனக்கு வந்தது.

"எடியே, இதென்ன கறுப்பாய் வருகுது? என்னத்தையடி திண்டனி?"

"டொனிக்... மூண்டு மடக்குக் குடிச்சனான்."

ஐயாவின் முகத்தில் முதலில் தெரிந்தது மகிழ்ச்சிதான். இதை அவர் சாகும்வரை மறுத்தார். ஆனால் நான் பார்த்தேன். "நான் சொன்னனானெல்லே! மருந்து வேலை செய்யுது!" என்றார். அதற்குள் அம்மா போத்திலை எடுத்துவந்து, அதன் கறுப்பைக் கண்டு, "ஐயோ, நஞ்சாய்ப் போச்சு" என்று குளறத் தொடங்கவே அவருடைய முகமும் மாறியது. என்னைத் தூக்கிச் சைக்கிள் பாரில் இருத்தி, போத்திலைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கிழமையில் இரண்டு நாள் திறக்கிற ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். அவருடைய வியர்வை என் உச்சந்தலையில் விழுந்துகொண்டிருந்தது. வழிநெடுக "ராசாத்தி, கண்ணை மூடாதை, ராசாத்தி" என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். வயிற்றுவலியோடு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அங்கே டொக்டர் இல்லை. மருந்து கலந்து கொடுக்கும் வயதான அப்போதிக்கரி ஒருவரே இருந்தார். என் கண்ணையும் வயிற்றையும் பார்த்து, எல்லாம் வெளியே வந்துவிட்டது, பயமில்லை, ஆனாலும் பின்னேரம் வரைக்கும் இங்கேயே கிடக்கட்டும் என்றார். பிறகு போத்திலைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆருக்கு வாங்கினது?"

"மூத்தவளுக்கு, ஐயா. களைப்பு. ஆனால் இன்னும் அவளுக்குச் சத்தி வரேல்லை. இவளுக்குத்தான் வந்தது."

"சத்தி ஏன் வரவேணும்?"

"போத்திலிலை அப்பிடித்தானே கிடக்குது."

அப்போதிக்கரி வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சிரித்து முடிய வெகுநேரமாயிற்று. "எட தம்பி, இது சக்தி. அங்காலை உப்பிடியும் எழுதுவாங்கள். பெலம், பெலம் வரும் எண்டு போட்டிருக்கு." ஐயா சிரிக்கவில்லை. வயலில் வரம்பு உடைந்ததைப் பார்ப்பவர்போலப் போத்திலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நான் மூண்டு கரண்டி..." என்று தொடங்கி நிறுத்தினார். அப்போதிக்கரியும் சிரிப்பை நிறுத்திவிட்டு, நாளைக்கே மூத்தவளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

மறுநாள் அவர் அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சோற்றுக் கஞ்சிபோல வெள்ளையாக இருந்ததாம். சேற்றில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்கு வருகிற வயிற்றுப்பூச்சி என்று சொல்லி, முதலில் பூச்சிமருந்து கொடுத்தார். அதன்பிறகு அதே டொனிக்கை ஒரு நாளைக்கு ஒரு கரண்டி, இரண்டு மாதம் குடிக்கச் சொன்னார்.

அந்த டொனிக்தான் மையாகிப்போயிருந்தது. மாமா அடுத்த போத்திலோடு வந்தது புரட்டாதி கடைசியில். அதற்குள் தவணை தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. என் மூன்று மடக்குத்தான் காரணமா, டொனிக் இருந்திருந்தாலும் அக்கா தேற அவ்வளவு காலம் எடுத்திருக்குமா என்று இன்றைக்கும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அக்கா அந்த மார்கழியில் சோதனை எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதினாள். பாஸ் என்று சோதனைப் பேறு வந்தபோது, "சத்தி வராட்டிலும் சித்தி வந்திட்டுது" என்று ஐயா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. மூன்றாம் தவணை தொடங்கிய திங்கட்கிழமை. மற்றப் பெண்பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு எங்கள் படலையைத் தாண்டிப் போனதை அக்கா கதிரையிலிருந்து பார்த்தாள். அன்று அவள் என்னை ஏசுவாள் என்று நான் காத்திருந்தேன். பின்னேரம் நான் என் தாள்களைப் போட்டு வைக்கும் பிஸ்கட் பேணியைத் திறந்தேன். மேலே அன்றைய தாள் இருந்தது. நான் கிழிக்காத தாள். பின்பக்கத்தில், அக்காவின் அழகான சரிந்த எழுத்தில், என்னுடைய முறைப்படியே எழுதியிருந்தது.

"வாய்க்கால் பாய்ச்சல்: தங்கச்சிக்கு இன்று ஏழு. எனக்கு இல்லை."

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். என் பேணியைத் திறந்துவிட்டாளே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, நாள் முழுதும் கதிரையில் சும்மா கிடந்து எண்ணியவளுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லையே என்று இளக்காரம் வந்தது. பென்சிலை எடுத்து, ஏழு என்பதைக் கவனமாக வெட்டி, ஒன்பது என்று திருத்திவிட்டு, பேணியை மூடினேன்.