ஆறு மணிக்கு நின்ற கவச வண்டி

ஒவ்வொரு பிப்ரவரியிலும் மேடை போட்டு, மஞ்சள் துணி கட்டி, மக்கள் வென்றார்கள் என்று முழங்குகிறார்கள். முழங்கட்டும். அந்த மக்களில் நானும் ஒருவன். மணிலாவின் அந்தப் பெரிய சாலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவன். அதனால் சொல்கிறேன்: எதிரே கவச வண்டியில் இருந்த பட்டாளத்துக்காரன் மிதியில் காலை அழுத்தியிருந்தால், கால் மணி நேரத்தில் நாங்கள் கூழாகியிருப்போம். ஒரு தடவை மேடையிலேயே இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுவதில்லை.

காலை அழுத்தாத அந்த ஆள் இன்று எங்கள் ஊரான மரிக்கினாவில் பங்க்சர் கடை வைத்திருக்கிறான். பெயர் கிரிசாந்தோ. என் தங்கை பெலேனின் புருஷன்.

அவன் பனாய் தீவுக்காரன். ஏழு பிள்ளைகளில் நாலாவது. தேசபக்தியால் பட்டாளத்தில் சேர்ந்தேன் என்று ஒருநாளும் பீற்றிக்கொண்டதில்லை. "மாசாமாசம் அரிசி குடுத்தாங்க மச்சான், வேறென்ன" என்பான். கவச வண்டி ஓட்டப் பழகி, தெற்கே சண்டை நடந்த காடுகளில் ஐந்து வருடம் இருந்தான். அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டான். கேட்டால், டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கப் போய்விடுவான்.

எண்பத்தாறில், அதிபரை எதிர்த்துக்கொண்ட படையினர் கொஞ்சம் பேர் ஒரு முகாமுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களை நசுக்க அதிபர் கவச வண்டிகளை அனுப்பினார். வழிமறிக்க நாங்கள் சாலையில் உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை. என் செருப்புப் பட்டறைக்கு விடுமுறை, இல்லாவிட்டால் போயிருப்பேனோ என்னவோ.

முதலில் வந்து நின்ற வண்டியில், மூடியைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓட்டுநர்தான் கிரிசாந்தோ. அவனுக்கு மேலே நின்றவர் லெப்டினன்ட் அபெலார்தோ. மீசை சரியாக முளைக்காத முகம்.

"எந்திரிச்சுப் போயிடுங்க! அஞ்சு நிமிஷம் தர்றேன். அப்புறம் வண்டி நகரும்!" என்று கத்தினார்.

பெலேனுக்கு வாய் சும்மா இருக்காது. அவித்த வாழைப்பழப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "சார், எங்க மேல ஏத்துறதுன்னா வயித்துக்கு ஏதாச்சும் சாப்பிட்டுட்டு ஏத்துங்க. ஆறிப் போவுது" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. லெப்டினன்ட் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு "எஸ் சார், எஸ் சார்" என்றார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு ஓட்டுநரிடம் ஒரே வார்த்தை சொன்னார். "எடு."

இஞ்சின் உறுமியது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. ஜெபமாலை பிடித்திருந்த கன்னியாஸ்திரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. தைரியமெல்லாம் இல்லை, இமை அசையவில்லை, அவ்வளவுதான். பெலேனின் கையை அப்படியே நெரித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று இஞ்சின் நின்றது. ஓட்டுநர் தலைக்கவசத்தைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"டேய்! எவன்டா நிறுத்தச் சொன்னது?"

"திரிகால ஜெபம் சார். மணி ஆறு."

எங்கள் ஊர்ப்புறங்களில் மாலை ஆறு மணிக்கு நடப்பவர் நிற்பார், ஓட்டுபவர் வண்டியை நிறுத்துவார். ஜெபம் முடியும்வரை யாரும் அசைய மாட்டார்கள். அந்த நேரத்தில் ஒருவனை அதட்ட எந்த அதிகாரிக்கும் வாய் வராது. லெப்டினன்ட் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரும் தலைக்கவசத்தைக் கழற்றி, தானே ஜெபத்தை ஆரம்பித்தார். சாலை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

ஜெபம் முடிந்த கையோடு வண்டிமேல் ஜனம் ஏறிவிட்டது. முதலில் ஏறியது பெலேன். கிரிசாந்தோ நாலு வாழைப்பழத்தை மென்று தின்னாமல் விழுங்கினான். முந்தின நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடில்லை. லெப்டினன்ட் ரேடியோவில், "மேல பூரா ஜனம் சார். நகர முடியாது" என்று சொல்லிவிட்டு அணைத்துவிட்டார். அந்த வண்டி திரும்பிப் போனது. இரண்டு நாளில் அதிபர் குடும்பத்தோடு விமானம் ஏறினார்.

அடுத்த வருடம் பெலேன் அவனையே கட்டிக்கொண்டாள். பட்டாளத்தை விட்டுவிட்டுக் கடை போட்டான். இப்போது தொப்பை, இரண்டு பெண் பிள்ளைகள், ஞாயிறு தவறாமல் சுருதி சேராத பாட்டு. எனக்குத் தெரிந்து இவ்வளவு நிம்மதியாகக் குறட்டை விடும் மனிதன் வேறு கிடையாது.

மூத்தவளின் ஞானஸ்நானத்துக்கு லெப்டினன்ட்தான் ஞானத்தகப்பன். விருந்தில் மூன்று பீருக்குப் பிறகு நான் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். மணி மட்டும் ஆறு ஆகாமல் இருந்திருந்தால் நாமெல்லாம் இன்று இருப்போமா என்று.

அபெலார்தோ சிரித்துவிட்டார். "எந்த ஆறு மணி? அன்னைக்கு என் வாட்ச்ல அஞ்சு நாப்பது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன் சார் நீங்களும் தலைக்கவசத்தைக் கழட்டினீங்க?"

"உத்தரவை மீறுனா ஜெயில். சாமி கும்பிட்டா எவனும் ஒண்ணும் கேக்க முடியாது. என்ன செய்யுறதுன்னு தெரியாம அஞ்சு நிமிஷமா முழிச்சுக்கிட்டு நின்னேன். எனக்குத் தோணல, உங்க மாப்பிள்ளைக்குத் தோணுச்சு."

அப்போதும் என் புத்தி விடவில்லை. ஒருவேளை அவன் நேரம் தெரியாமல் சொல்லியிருப்பானோ? நேராகக் கேட்டுவிட்டேன்.

"மாப்ளே, நிஜமாவே ஆறு மணின்னுதான் நெனச்சியா?"

கிரிசாந்தோ என் தட்டில் பன்றிக் கறியை வைத்தபடியே சொன்னான்.

"என் கையிலயும் வாட்ச் இருந்துச்சு மச்சான்."