மண்டை வெல்லமும் என் வலது காலும்

பெருமாள் அடியார்களே, என் வலது கால் போய், அதோடு என் படிப்பும் போயிற்று என்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுத கதையைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்திருந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்து ஆடும்போது, குதித்து இறங்கிய இடத்தில் ஒரு கல். கால் மடங்கிவிட்டது. கணுக்கால் பரங்கிக்காய் மாதிரி வீங்கியது. எலும்பு முறியவில்லை, கட்டுப் போடப் புத்தூர் போக வேண்டாம் என்றார்கள். ஆனால் ஊன்றவே முடியவில்லை.

மெட்ராஸில் ஒரு சின்னப் பெண்கள் கல்லூரி அந்த வருஷம்தான் புதிதாகக் கூடைப்பந்து அணி சேர்த்தது. நன்றாக ஆடுகிற பெண்ணுக்கு பி.யு.சி.யில் இடம். என் மார்க்கை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் ஜாதகத்தை எடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கோ படிக்க வேண்டும், ஆட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அப்பா கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தார். பரம சாது. அவசரக்காரரும்கூட. நான் அழுததைப் பார்த்ததும் நேரே சன்னதிக்கு ஓடினார். எங்கள் ஊர்ப் பெருமாள் வீரராகவன் வைத்தியன் ஆயிற்றே! நோய் தீர அவன் குளத்தில் வெல்லம் போடுவது எங்கள் ஊர் வழக்கம். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும். திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னபோது அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வேண்டிண்டுட்டேன் கோமளா! வர்ற ஆனி அமாவாசைக்கு மண்டை வெல்லம் கரைக்கறேன், அது கரையற வரைக்கும் இவ ஓட மாட்டா, குதிக்க மாட்டான்னு சொல்லிட்டேன். பெருமாள் பாத்துப்பார்."

மறுநாள் தேவகி வந்தாள். திருப்பாச்சூரில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண், என்னோடு அணியில் ஆடியவள். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாடி உங்கப்பா இப்டி வேண்டிக்கினாரு! செலக்ஷனே அன்னிக்கித்தாண்டி. காலைல மெட்ராஸ்ல இருக்கணும்!"

அப்பா வெலவெலத்துப் போனார். "ஐயோ, தெரியாம போச்சே! ஆனா சொன்னது சொன்னதுதாம்மா. பெருமாள் கிட்டப் போய் தேதியை மாத்திக்கோங்கோன்னு கேக்க முடியுமோ?"

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடப் பெருமாள்மேல்தான் அதிகம் வந்தது. நொண்டிக்கொண்டே சன்னதிக்குப் போய் நின்றேன். "உனக்கென்ன, ஜம்முன்னு படுத்துண்டிருக்கே! ஓட வேண்டியவ நானன்னா?" என்று மனசுக்குள் கத்தினேன். அவன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு கிடந்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக வீக்கம் வடிந்தது. காலை ஊன்றினேன். நடந்தேன். வலி போன பிறகும் ஓடக் கூடாது. என்ன செய்வது? பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஃப்ரீ த்ரோ கோட்டில் குதிகால் தூக்காமல் நின்ற இடத்திலிருந்தே பந்து போட்டேன். முதலில் பந்து வளையத்தைக்கூட எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் "நாராயணா" என்று சொல்லிப் போட்டேன். தேவகி ஓடி ஓடிப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். "சாமி புண்ணியத்துல எனுக்குத்தாண்டி நல்லா ஓட வருது" என்று கேலி செய்தாள். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் மூக்கில் செம்மண் வாசனை அடிக்கிறது.

அமாவாசையும் வந்தது. விடியுமுன்னே குளக்கரையில் ஜனம் நெரிகிறது. மகள் காரியம் ஆயிற்றே என்று அப்பா கடையிலேயே பெரிய மண்டை வெல்லமாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். கல்லு மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் இருந்த படியில் அதை வைத்தார். நான், அப்பா, தேவகி மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அது கரைவேனா என்று உட்கார்ந்திருந்தது.

"மாமா, கையால கரைச்சி உட்டுடுங்க! ரயிலு பூடும்!"

"தப்பும்மா. தானா கரையணும்."

அப்பாவின் கண்ணில் தண்ணீர். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. "பெருமாளே, எனக்காக வேண்டாம், இந்த மனுஷன் முகத்துக்காகவாவது" என்று கை கூப்பினேன்.

அந்த நேரம் பார்த்து ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் தடதடவென்று குளத்தில் இறங்கியது. முன்னால் வந்த ஆஜானுபாகுவான மனிதர் படியில் கால் வைத்ததும் துள்ளினார்.

"அய்யய்யோ! இன்னாத்தையோ மிதிச்சிட்டேன் சாமி!"

அப்பா இரண்டு கையையும் தூக்கினார். "மிதிங்கோ! நன்னா மிதிங்கோ! உங்க ஆத்துல எல்லாரையும் மிதிக்கச் சொல்லுங்கோ!"

அந்த மனிதர் விழித்தார். ஆனாலும் மிதித்தார். பின்னால் வந்தவர்களும் மிதித்தார்கள். தண்ணீர் பழுப்பாகிக் கலங்கிக் கடைசியில் தெளிந்தபோது படியில் ஒன்றுமில்லை. காலுக்காகத்தானே வேண்டினோம்? காலையே அனுப்பிவிட்டான்.

ஜட்கா பிடித்து ஸ்டேஷன் போனால் லோக்கல் நகர ஆரம்பித்துவிட்டது. ஓடினேன். அத்தனை நாளைக்குப் பிறகு முதல் ஓட்டம்! கால் வலிக்கவே இல்லை. தேவகி முன்னால் ஏறிக் கை கொடுத்தாள். அப்பா புளியோதரைப் பொட்டலத்தோடு கூடவே ஓடி வந்து ஜன்னலில் திணித்தார்.

செலக்ஷனில் ஓட்டத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. மற்ற பெண்கள் என்னைச் சுலபமாகத் தாண்டிப் போனார்கள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு ஃப்ரீ த்ரோ போடச் சொன்னார்கள். கோட்டில் நின்றேன். நாராயணா என்றேன். போட்டதெல்லாம் விழுந்தது. கல்லூரி விளையாட்டு ஆசிரியை பக்கத்தில் வந்து கேட்டார்.

"யாரும்மா உனக்கு இந்த மாதிரி ப்ராக்டிஸ் கொடுத்தது?"

"எங்கப்பா வேண்டுதல் மேடம்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் எனக்கு இடம் கொடுத்தார். ஓடி ஓடிப் பந்து பொறுக்கிய தேவகிக்கும் கொடுத்தார்.

அந்தக் கல்லூரிதான் என்னை ஆளாக்கியது. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஜாதகத்தை என் சம்மதம் கேட்டு மெதுவாகத்தான் எடுத்தார்கள். அப்பா இப்போது இல்லை.

ஆனி அமாவாசை தவறாமல் குளத்துக்குப் போகிறேன். கடையில் இருப்பதிலேயே கெட்டியான மண்டை வெல்லத்தைத்தான் வாங்குவேன். படியில் வைத்துவிட்டு, யார் வந்து மிதிக்கப் போகிறார்கள் என்று சின்னப் பெண் மாதிரி காத்துக்கொண்டு நிற்பேன். உங்களுக்கும் கரையாத கஷ்டம் ஏதாவது இருந்தால் வாருங்கள், என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். அப்படியே இறங்கும்போது பார்த்துக் கால் வைக்க வேண்டாம்.